உடைக்கப்போகிற வீட்டைக் கழுவிய கதை

1

பிள்ளைகளே,

போன புதன்கிழமை என் தம்பியின் மகள் துளசி கைபேசியில் கூப்பிட்டாள். இங்கே மத்தியானம் ஒன்றரை மணி, அங்கே பின்னேரம் ஆறு. நாங்கள் இரண்டு வார்த்தை கதைப்பதற்குள் எதிர்க் கட்டடத்தில் துளைபோடும் இயந்திரம் தொடங்கிவிட்டது. இந்தச் சுவிஸ் நாட்டில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டார்கள். அந்த நேரம் முடிந்தாலோ ஒரு நிமிடமும் பிந்த மாட்டார்கள்.

“பெரியப்பா, என்ன அந்தச் சத்தம்?”

“எங்கட வீட்டை உடைக்கினம்.”

“ஐயோ! ஆர்?”

“ஆரெண்டு சொல்ல? நாங்கள்தான் சாவியைக் குடுத்தனாங்கள்.”

அவள் கைபேசியை அப்படியே கதிரையில் போட்டுவிட்டு ஓடினாள். எனக்கு உங்கள் ஊர்க் கூரை மட்டும்தான் தெரிந்தது. “அம்மா, பெரியப்பான்ர வீட்டை உடைக்கினமாம், அவர் சிரிச்சுக்கொண்டு இருக்கிறார்!” என்று குசினிக்குள் சத்தம் போட்டது கேட்டது. திரும்பி வந்து, “இதை எங்கட வகுப்புச் சஞ்சிகைக்கு எழுதித் தாங்கோ, வெளிநாட்டு வீடுகள் எண்டு ஒரு பக்கம் இருக்கு, ஒருத்தரும் எழுதேல்லை” என்று கட்டளை போட்டாள்.

ஆகவே எழுதுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் உங்கள் ரீச்சர் திருத்தட்டும்.

2

முதலில் வீடு எப்படிப்பட்டது என்று சொல்லவேண்டும்.

சூரிச் நகரத்துக்குப் பக்கத்தில் ஷ்லீரன் என்று ஓர் இடம். தொழிற்சாலைகள், ரயில் பாதைகள், அவற்றுக்கு நடுவே வரிசையாக மாடிவீடுகள். நீங்கள் நாட்காட்டியில் பார்க்கிற பனிமலையும் மணி கட்டிய மாடும் இங்கே இல்லை. எங்கள் பக்கத்தில் மணி அடிப்பது ட்ராம் வண்டி மட்டும்தான்.

எங்கள் கட்டடம் ஐம்பது வருடத்துக்கு மேல் பழையது. அந்தக் காலத்தில் வேலைக்கு வந்து குவிந்த ஆட்களுக்கு வீடு போதவில்லை. கல்மேல் கல் வைத்துக் கட்டிக்கொண்டிருக்க நேரமும் இல்லை. ஆகவே சுவர்களை முழுசாகத் தொழிற்சாலையில் கொங்கிறீற்றில் வார்த்தார்கள். ஜன்னலையும் அங்கேயே பூட்டி, லொறியில் ஏற்றி வந்து, கிரேனால் தூக்கி அடுக்கினார்கள். நீங்கள் பிஸ்கற்றை அடுக்கி வீடு செய்வீர்களே, அதுபோலத்தான். கீழே தூண்கள். தூண்களுக்கு நடுவே சைக்கிள்களும் குப்பைத் தொட்டிகளும். அதற்கு மேலே நாலு மாடி, ஒவ்வொரு மாடியிலும் இரண்டு வீடு. ஒரு படிக்கட்டுக்கு எட்டுக் குடும்பம். அப்படி ஆறு படிக்கட்டுகள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

எல்லா வீடும் ஒரே அச்சு. குசினிக்கு மேலே குசினி, கட்டிலுக்கு மேலே கட்டில். இதனால் நடந்த ஒரு விஷயம் சொல்கிறேன். நாங்கள் குடிவந்த முதல் வருடம், வேலை முடிந்து அலுத்துக் களைத்து வந்தேன். படியேறினேன், கதவைத் திறந்தேன், சப்பாத்தைக் கழற்றினேன், குசினிக்குள் போனேன். வலது பக்க மேல்தட்டில் கிளாஸ் எடுத்து, தண்ணீர் பிடித்து, ஒரே மூச்சில் குடித்தேன். திரும்பினால் மேசையில் ஒரு வெள்ளைக்காரர், கையில் பாணும் பச்சைமிளகாயுமாக, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு கிளாஸ் வேணுமோ?” என்று கேட்டார்.

நான் இரண்டாம் மாடிக்குப் பதிலாக மூன்றாம் மாடிக்கு ஏறிவிட்டேன். அவர் கதவைப் பூட்டியிருக்கவில்லை. கிளாஸ்கூட எங்கள் வீட்டில் இருக்கிற அதே இடத்தில் இருந்தது.

அவர்தான் ரிஸ்தோ. மசிடோனியா நாட்டில் ஸ்கோப்யே என்ற நகரத்தவர். கிரேன் ஓட்டும் வேலைக்கு இளவயதில் இங்கே வந்தவர். அன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு வெளியேற, அவர் இரண்டு பச்சைமிளகாயைக் கையில் தந்து அனுப்பினார். அடுத்த நாள் என் மனைவி கலா ஒரு கிண்ணத்தில் மிளகாய்ப் பொரியல் கொடுத்து அனுப்பினாள். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு ரிஸ்தோ அண்ணை. ‘அண்ணை’ என்பது தன் பெயரின் ஒரு பகுதி என்று நினைத்து, எங்கள் ஆட்கள் யாரைக் கண்டாலும் “நான் ரிஸ்தோ அண்ணை” என்றே தன்னை அறிமுகம் செய்வார். இப்போது எழுபதை எட்டப்போகிறார். மனைவி காலமாகி ஐந்து வருடம்.

அவரும் நானும் பேசுவது ஜெர்மன் மொழியில். அவருடைய ஜெர்மன் ஒரு பக்கம் சரிந்தது, என்னுடையது மற்றப் பக்கம் சரிந்தது. ஒன்றில் ஒன்று சாய்ந்து நிற்கும். அவர் சொன்னதையெல்லாம் இங்கே எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

3

போன வருடம் சித்திரையில் வீட்டு நிர்வாகத்திடமிருந்து நாலு பக்கக் கடிதம் வந்தது. இந்த நாட்டில் கடிதம் என்றால் எனக்கு இன்றும் பயம். பெரிய கடிதங்களை என் மகள் ஆரணியிடம்தான் கொடுப்பேன். அவளுக்குப் பதினெட்டு வயது, கட்டடப் படம் வரைகிற அலுவலகத்தில் தொழில் பழகுகிறாள். வீட்டில் தமிழில்தான் கதைப்பாள். கோபம் வந்தால் மட்டும் சுவிஸ் ஜெர்மனுக்கு மாறிவிடுவாள். அவளுக்குக் கோபம் வந்தால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. அது ஒரு வகையில் நல்லது.

“அப்பா, எங்கட கட்டடத்தைப் பலப்படுத்தப் போகினம். நிலநடுக்கத்துக்கு.”

“இஞ்ச எங்கையடி நிலம் நடுங்குது?”

“அடிக்கடி நடுங்காது. ஆனா ஒருநாளும் நடுங்காது எண்டு எழுதி ஆரும் கையெழுத்துப் போடமாட்டினம்.”

பிறகு மேசையில் செய்து காட்டினாள். நீங்களும் செய்து பார்க்கலாம். நாலு தீப்பெட்டியை நிமிர்த்தி நிறுத்தி, மேலே இரண்டு மூன்று கொப்பிகளை அடுக்குங்கள். மேசையை மெல்ல ஆட்டுங்கள். கொப்பி ஒன்றும் ஆகாது, தீப்பெட்டிதான் முதலில் சரியும். எங்கள் கட்டடத்தின் தூண்கள்தான் அந்தத் தீப்பெட்டிகள். அதனால் நிலவறையிலிருந்து கூரை வரைக்கும், ஒவ்வொரு வீட்டுக்குள்ளாலும், ஒரு புதுக் கொங்கிறீற்றுச் சுவரை எழுப்பவேண்டும். அதோடு குசினி, குளியலறை, குழாய் எல்லாம் கழற்றிப் புதிதாக்குவார்கள். எவரும் உள்ளே இருக்க முடியாது.

நிர்வாகத்திலிருந்து கெல்லர் என்று ஓர் இளம்பெண் வந்து கூட்டம் வைத்தாள். கூட்டம் நடந்தது நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் அறையில். இரண்டு தோய்க்கும் இயந்திரங்களுக்கு நடுவே நின்று ஏற்பாட்டை விளக்கினாள். முற்றத்துக்கு அந்தப் பக்கமுள்ள கட்டடத்தில் வேலை முடிந்து எட்டு வீடுகள் காலியாக இருக்கின்றன. எங்கள் படிக்கட்டின் எட்டுக் குடும்பமும் அங்கே போய் இருக்கலாம். ஒன்றரை வருடத்தில் எட்டுப் பேரும் ஒன்றாகவே சொந்த வீட்டுக்குத் திரும்பலாம். ஆனால் ஆகஸ்ட் கடைசி வெள்ளி, பின்னேரம் நாலு மணிக்கு எட்டு வீட்டுச் சாவியும் அவள் கையில் இருக்கவேண்டும். ஒரு சாவி குறைந்தாலும் வேலையாட்கள் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள், இந்த ஏற்பாடு இரத்து. பிறகு வழமையான முறைதான்: எல்லாருக்கும் வீட்டை விடும்படி கடிதம் வரும், அவரவர் அவரவருக்கு வீடு தேடவேண்டும்.

சூரிச் பக்கத்தில் வீடு தேடுவது என்றால் என்னவென்று உங்கள் அப்பா அம்மாவிடம் கேட்காதீர்கள், அவர்களுக்குத் தெரியாது. ஒரு காலி வீட்டைப் பார்க்கப் படிக்கட்டு நிறைய ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். நாங்கள் தூரத்துத் துன் நகரப் பக்கம் ஒரு மூலையில், ரிஸ்தோ அண்ணை இன்னொரு மூலையில் என்று எட்டுக் குடும்பமும் எட்டுத் திசையில் சிதறியிருப்போம். ஆரணி பிறந்த வருடத்திலிருந்து அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்கியவர்கள் நாங்கள்.

எல்லாரும் தலையாட்டினோம். ரிஸ்தோ அண்ணை மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“சுவர் நல்ல சுவர். கட்டுங்கோ. நான் உள்ள இருக்கிறன், நீங்கள் என்னைச் சுத்திக் கட்டுங்கோ.”

கெல்லர் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

4

அடுத்த நாள் படிக்கட்டில் அவரைப் பிடித்தேன்.

“அண்ணை, சுவர் வேணும் எண்டு சொல்லுறியள், போகவும் மாட்டன் எண்டு சொல்லுறியள். என்ன கதை இது?”

“சிவா, எனக்குச் சுவருக்குப் பயமில்லை. ‘தற்காலிகம்’ எண்ட சொல்லுக்குத்தான் பயம்.”

அப்படியே படியில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினெட்டு வருடமாகத் தெரிந்த மனிதர், அன்றைக்குத்தான் தன் நகரத்தைப் பற்றி முழுசாகச் சொன்னார்.

அவருக்கு ஏழு வயதிருக்கும்போது, ஒரு கோடைகால விடியற்காலையில் ஸ்கோப்யே நகரம் நிலநடுக்கத்தில் இடிந்தது. அவர்கள் குடும்பம் தப்பிவிட்டது. பிறகு அவர் சொன்ன கதையில் இருந்த கவலையைவிட வியப்புத்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. உலகத்தில் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேசாத நாடுகள்கூட அந்த ஒரு நகரத்துக்குச் சாமான் அனுப்பினவாம். ஒரு நாடு மரவீடுகளை அனுப்பியது. இன்னொரு நாடு சுவர் வார்க்கிற தொழிற்சாலையையே அனுப்பியது. யப்பானிலிருந்து ஒரு கட்டடக் கலைஞர் வந்து நகரத்தின் நடுப்பகுதியைப் புதிதாக வரைந்தார்: சுற்றிவரக் கோட்டை மதில்போல உயர்ந்து நிற்கும், ஆனால் மதில் முழுக்க வீடுகளாக இருக்கும்.

“சுவிஸ்காரர் என்ன குடுத்தவை?” என்று கேட்டேன்.

“பள்ளிக்கூடம். அடியில இறப்பர் வைச்ச பள்ளிக்கூடம்.”

“சும்மா சொல்லாதேங்கோ.”

“உண்மை! அத்திவாரத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில இறப்பர்க் கட்டையள். நிலம் ஆடினாலும் கட்டடம் தன்பாட்டில நிக்கவேணும் எண்டு. நான் அங்கதான் படிச்சனான். முதல் நாள் வகுப்பில எல்லாரும் கதைச்சுவைச்சு, ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு ஒரேயடியாக் குதிச்சனாங்கள். கட்டடம் ஆடுதோ எண்டு பாக்க.”

“ஆடினதோ?”

“கட்டடம் ஆடேல்லை. வாத்தியார்தான் ஆடினார்.”

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் முதலாம் மாடிக் கதவு திறந்து மூடியது. வளர்ந்தபிறகு அவர் அந்தச் சுவர்த் தொழிற்சாலையில் வேலை பழகினார். சுவர் தூக்கத் தெரிந்ததால்தான் இங்கே வேலை கிடைத்தது.

“அப்ப கட்டுறவையில உங்களுக்கு நம்பிக்கை இருக்குத்தானே அண்ணை?”

“கட்டுறவையில இருக்கு. எங்களை அதுவரைக்கும் ஒரு மரக்குடிலில விட்டவை, ‘ஒரு குளிர்காலத்துக்கு மட்டும்’ எண்டு சொல்லி. சிவா, அந்தக் குடிலுக்குள்ளதான் எனக்கு மீசை முளைச்சது.”

இந்த நாட்டுக்கு வந்து தஞ்சம் கேட்டபோது, சில கிழமைக்கு என்று சொல்லித்தான் என்னையும் ஒரு முகாமில் விட்டார்கள். அங்கே எத்தனை தரம் நாட்காட்டி மாற்றினேன் என்பது எனக்கும் தெரியும். அவருக்கு எதைச் சொல்லிச் சமாதானம் செய்வது?

வைகாசி போனது, ஆனி போனது. எல்லாரும் அவரிடம் போய்ப் பார்த்தார்கள். முதலாம் மாடிப் போர்த்துக்கல் பெண் கேக் செய்துகொண்டு போனாள். கேக்கைச் சாப்பிட்டுவிட்டு, “நல்ல கேக். போகமாட்டன்” என்றார். ஆரணி வரைபடத்தை விரித்து எந்தச் சுவர் எங்கே வரும் என்று காட்டினாள். அவர் அதில் ஒரு பிழை பிடித்துக் கொடுத்தார், அவள் சந்தோஷமாகத் திரும்பி வந்தாள். ஆனால் சாவி சாவியாகவே அவர் சட்டைப்பையில் இருந்தது.

5

ஆகஸ்ட் கடைசிக் கிழமை வந்துவிட்டது. ஏழு குடும்பமும் தள்ளுவண்டிகளில் சாமான் ஏற்றி முற்றத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தோம். ரிஸ்தோ அண்ணை மேலே பல்கனியில் நின்று, “அந்த அலுமாரியைப் படுக்க வையாதே! நிமித்திப் பிடி!” என்று கிரேன்காரக் குரலில் எங்களுக்குக் கட்டளை கொடுத்தார். தான் மட்டும் ஒரு கரண்டியைக்கூட அசைக்கவில்லை.

வியாழக்கிழமை எங்கள் வீடு காலி. நானும் கலாவும் கழுவத் தொடங்கினோம்.

இங்கே ஒரு வழக்கம் உண்டு பிள்ளைகளே. வாடகை வீட்டை விட்டுப் போகும்போது சும்மா பூட்டிவிட்டுப் போக முடியாது. கழுவிக் கொடுக்கவேண்டும். கழுவுவது என்றால் நீங்கள் நினைக்கிற கழுவல் இல்லை. அடுப்புக்கு மேலுள்ள புகைப்பெட்டியின் வலையைக் கழற்றி ஊறவைக்கவேண்டும். ஜன்னல் சட்டத்தின் இடுக்கைப் பழைய பல்துலக்கியால் தேய்க்கவேண்டும். குழாயில் படிந்த சுண்ணாம்பை வினாகிரி ஊற்றிக் கரைக்கவேண்டும். படம் மாட்டிய ஆணி ஓட்டையை அடைத்துச் சமப்படுத்தவேண்டும். பிறகு நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பில் விரலால் தடவி, விரலைப் பார்ப்பார். விரல் கறுத்திருந்தால் திரும்பவும் முதலிலிருந்து.

என் தொழிலே இதுதான். எத்தனையோ பேருடைய வீட்டை இப்படிக் கழுவிக் கொடுத்திருக்கிறேன், ஒரு விரலும் கறுத்ததில்லை. அதனால் சொந்த வீட்டைக் கொடுக்கும்போது எனக்கு ஒரு மிடுக்கு. இரண்டு நாள் விடுமுறை எடுத்து, பட்டியலைக்கூடப் பார்க்காமல், மேலிருந்து கீழாக இறங்கினேன்.

மத்தியானத்துக்கு மேல் நான் அடுப்புக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருக்க, பின்னால் ஒரு குரல்.

“சிவா, என்ன செய்யிறீர்?”

ரிஸ்தோ அண்ணை வாசலில் நின்றார்.

“தெரியேல்லையோ அண்ணை? வீட்டைக் கழுவுறம்.”

“இந்த அடுப்பு திங்கக்கிழமை எங்க போகும் தெரியுமோ?”

“எங்க?”

“ஜன்னலுக்கு வெளியால, குப்பைப் பெட்டிக்குள்ள! நீர் கடிதத்தின்ர மூண்டாம் பக்கம் வாசிக்கேல்லையோ?”

சாவி கொடுக்க மாட்டேன் என்று நின்ற மனிதர்தான் அந்தக் கடிதத்தை வரிவரியாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார். மூன்றாம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்ததாம்: வீட்டை வெறுமையாக்கினால் போதும், எல்லாம் உடைக்கப்படுவதால் துப்பரவு தேவையில்லை. எனக்கு அது எப்படித் தெரியும்? சாவி கொடுக்கிற நாளும் நேரமும் முதற்பக்கத்தில் இருந்தன. கழுவுவதற்கு எனக்கு யார் கடிதம் எழுதவேண்டும்?

பல்துலக்கியோடு ஜன்னலில் ஏறி நின்ற கலாவைப் பார்த்தார். நான் கவனமாக ஓட்டை அடைத்து மட்டப்படுத்திய சுவரைப் பார்த்தார். அந்தச் சுவரில்தான் புதுச் சுவருக்காக ஆளுயரத்துக்கு ஓட்டை போடப்போகிறார்கள். அவர் சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். மாதக்கணக்காக அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கையுறையைக் கழற்றினேன்.

“கலா, இறங்கு. காணும்.”

“என்னப்பா காணும்? ஒரு ஜன்னல் மினுங்குது, மற்ற ஜன்னல் ஊத்தை. பாதியில விடேலுமோ?”

“உடைக்கப் போகினமாம்.”

“உடைக்கட்டும். உடைக்க வாறவையும் மனிசர்தானே? கதவைத் திறந்து உள்ள வரேக்க, ‘இஞ்ச இருந்த சனம் இப்பிடியோ’ எண்டு நினைக்கக்கூடாது.”

அவளுடைய ஜெர்மன் என்னுடையதைவிடத் திறமானது. கடைசி வசனத்தை அவருக்கும் விளங்கும்படி சொன்னாள்.

ரிஸ்தோ அண்ணையின் சிரிப்பு நின்றது. கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார்.

“என்ர அம்மாவும் இதைத்தான் சொன்னவ” என்றார்.

நிலநடுக்கம் நடந்த அன்றைக்கு அவர்கள் வீடு விழவில்லை, வெடித்து மட்டும் நின்றது. வெளியே ஓடி வந்தவர்களைத் திரும்ப உள்ளே விடாமல் படைவீரர் கயிறு கட்டிவிட்டார்கள். முதல் நாள் விருந்தாளிகள் வந்து போயிருந்தார்கள். அவர்கள் குடித்த கோப்பிக் கப்புகள் மேசையில் கழுவாமல் கிடந்தன. தாய் அந்தப் படைவீரரிடம் ஐந்து நிமிடம் கேட்டாள், கப்புகளைக் கழுவி வைத்துவிட்டு வருவதற்கு. விடவில்லை. சில நாளில் இயந்திரம் வந்து தெருப்பக்கச் சுவரை இழுத்து விழுத்தியது. அவர்களுடைய குசினி தெரு முழுக்கத் தெரிய, மேசையும் கப்புகளும் அப்படியே இருந்தன.

“வீடு போனதுக்கு அம்மா அழுதவ. ஆனா அந்தக் கப்புகளை ஊர்ச்சனம் பாத்ததுதான் அவவுக்குக் கடைசிவரைக்கும் ஆறேல்லை. புது வீடு கிடைச்சாப்பிறகும் சொல்லுவா. நல்ல வீடு, சுடுதண்ணி வாற வீடு. அதில இருந்துகொண்டும் அந்தக் கப்புகளைச் சொல்லுவா.”

கலா ஜன்னலிலிருந்து இறங்கி வந்தாள்.

“எங்கட அம்மாவும்தான்” என்றாள். யாழ்ப்பாணத்தை விட்டு எல்லாரும் ஒன்றாக நடந்த இடப்பெயர்வில் அவளுக்கு ஒன்பது வயது. “சாப்பிட்ட கோப்பையளைக் கிணத்தடியில வைச்சிட்டு வெளிக்கிட்டனாங்கள். மழை. சனமெண்டா சனம். அம்மா வழி முழுக்க, ‘கோப்பை கழுவேல்லை, கோப்பை கழுவேல்லை’ எண்டு சொல்லிக்கொண்டு வந்தா. அப்பா பேசினார், ‘உனக்கு இப்ப கோப்பையோ கவலை?’ எண்டு.”

எனக்கு ஒன்று விளங்கியது. நாங்கள் மூன்று பேரும் எத்தனையோ வீட்டை விட்டு வந்திருக்கிறோம். ஆனால் ஒரு வீட்டைக்கூட, நேரம் எடுத்து, துடைத்து, விளக்கை அணைத்து, நாங்களாகப் பூட்டிவிட்டு வந்ததில்லை. இதுதான் முதல் தரம். எனக்கு இந்த வீட்டைக் கழுவக் கிடைத்திருக்கிறது. வெட்கப்பட இதில் என்ன இருக்கிறது?

ரிஸ்தோ அண்ணை எழுந்தார். சாளரப் படியில் நின்ற போத்தலைத் தூக்கி, வெளிச்சத்தில் பிடித்து, எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார்.

“இந்த வினாகிரி மூண்டாம் மாடிக்கும் காணுமோ?”

கலா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

“காணாட்டி வாங்குவம் அண்ணை” என்றேன்.

6

அன்று பின்னேரம் அந்தப் படிக்கட்டைப் பார்த்திருக்கவேண்டும் நீங்கள். செய்தி மாடிக்கு மாடி ஓடியது. ஏழு குடும்பமும் வந்து மூன்றாம் மாடியிலிருந்து முற்றம் வரைக்கும் வரிசையாக நின்று, கைக்குக் கை பெட்டி மாற்றினோம். ரிஸ்தோ அண்ணையின் சொத்தில் முக்கால்வாசி மிளகாய் ஊறுகாய்ப் போத்தல்கள். “உடைச்சால் உன்னை உடைப்பன்” என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை நான், கலா, ரிஸ்தோ அண்ணை மூவரும் அவருடைய வீட்டைக் கழுவினோம். அவருக்குக் கழுவத் தெரியாது. ஆனால் மேற்பார்வை செய்ய நன்றாகத் தெரியும். ஆரணி வேலையிலிருந்து அரைநாள் கேட்டு வந்து நிலத்தைத் துடைத்தாள்.

சரியாக நாலு மணிக்குக் கெல்லர் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தாள். ஏழு சாவியும் அதில் விழுந்தன. மூன்றாம் மாடி வாசலில் ரிஸ்தோ அண்ணை வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். அவள் சாவிக்குக் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

மனம் மாறிவிட்டாரோ?

“முதலில உள்ள வந்து பாருங்கோ” என்றார்.

“தேவையில்லை, எல்லாம் உடைக்கத்தானே போறம்...”

“தேவை. வீட்டை ஒப்புக்குடுக்கிறது எண்டா, பாத்துத்தான் வாங்கவேணும்.”

அவள் எங்கள் முகங்களைப் பார்த்தாள். கலாவின் ஊறிப்போன விரல்களையும் பார்த்தாள். பெட்டியைக் கீழே வைத்தாள். சப்பாத்தைக் கழற்றினாள். அறை அறையாக நடந்தாள். அடுப்பைத் திறந்து பார்த்தாள், குழாயைத் திறந்து மூடினாள். கடைசியாகக் குதிக்காலை உயர்த்தி, கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பில் ஒரு விரலை வைத்து இழுத்தாள். விரலைப் பார்த்தாள். எங்களுக்கும் காட்டினாள்.

வெள்ளை.

“என்னட்டைப் படிவம் இல்லையே” என்றாள் மெதுவாக. “இந்தக் கட்டடத்துக்குப் படிவம் கொண்டுவரேல்லை.”

அப்போது ஆரணி தன் பையிலிருந்து வரைதாளை எடுத்தாள். நிலத்தில் முழந்தாளிட்டு, அளவுகோலை வைத்து, அந்த வீட்டின் படத்தை வரைந்தாள். வாசல், குசினி, இரண்டு அறை, பல்கனி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஜெர்மனில் ‘துப்பரவு’ என்று எழுதினாள். கீழே இரண்டு கோடு. ஒன்றில் கெல்லர் கையெழுத்திட்டாள், மற்றதில் ரிஸ்தோ அண்ணை. தாளின் ஒரு மூலையில் ஆரணி தமிழிலும் ‘துப்பரவு’ என்று எழுதிவைத்தாள். நான் எழுதச் சொல்லவில்லை.

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில், சாவி இருந்த இடத்தில் வைத்தார். சாவியைக் கெல்லரின் உள்ளங்கையில் வைத்தார். கதவைத் தானே சாத்தினார்.

7

திங்கட்கிழமை காலை ஏழு மணி. நாங்கள் தற்காலிக வீட்டின் பல்கனியில் நின்றோம். பக்கத்துப் பல்கனியில் ரிஸ்தோ அண்ணை கோப்பியோடு. எதிரே எங்கள் பழைய கட்டடம். திரைச்சீலை இல்லாத ஜன்னல்களால் வீடுகள் முழுசாகத் தெரிந்தன.

லொறி வந்தது. தலைக்கவசம் போட்ட நாலைந்து பேர் இறங்கினார்கள். பெரிய சம்மட்டிகள், அலவாங்குகள். மற்ற வீடுகளுக்குள் சிலர் திமுதிமுவென்று போனார்கள். மூன்றாம் மாடியில் ரிஸ்தோ அண்ணையின் வீட்டுக் கதவைப் பெரிய உடம்புக்காரர் ஒருவர் திறந்தார். தோளில் சம்மட்டி.

ஒரு கால் உள்ளே வைத்தவர், அப்படியே நின்றார். நிலத்தைப் பார்த்தார். காலைப் பின்னுக்கு எடுத்தார். பின்னால் வந்தவனிடம் ஏதோ சொன்னார். பிறகு இரண்டு பேரும் வாசலில் விட்டுவந்த பழைய கால்மிதியில் தங்கள் பெரிய சப்பாத்துகளைத் தேய்தேயென்று துடைத்தார்கள். இடது கால், வலது கால், திரும்பவும் இடது. அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தார்கள்.

கலா என் கையைப் பிடித்தாள்.

ரிஸ்தோ அண்ணை கோப்பிக் கப்பைத் தடுப்புச் சுவரில் வைத்தார். பிறகு, நாலு மாடிக்கும் கேட்கிற அந்தக் கிரேன்காரக் குரலில், முற்றத்துக்கு அப்பால் கத்தினார்:

“சரி! இனி உடை!”